புத்தாண்டு முதல் பொங்கல் வரை: ஒரு கைத்தையல் கணக்கு

அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தப் புத்தாண்டுக்குக் கிராஸ் ஸ்டிட்ச் போட ஊசியெடுக்கும் வீட்டாருக்கு,

கிராஸ் ஸ்டிட்ச் எண்ணிப் போடும் தையல். துணியில் படம் வரைவதில்லை, கார்பன் தாள் வைத்துத் தேய்ப்பதுமில்லை. நெசவிலேயே சிறு சிறு கட்டங்களாக அமைந்த துணியில், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி என்று நூலை இழுத்துக்கொண்டே போவதுதான் மொத்த வித்தையும். படம் தாளில் இருக்கும். அதைப் பார்த்து எண்ணியெண்ணித் துணிக்கு ஏற்ற வேண்டும். காம்புத் தையலிலும் சங்கிலித் தையலிலும் கை நேர்த்தி தெரியும். ஒருவர் போட்டது போல இன்னொருவர் போட்டது இருக்காது. கிராஸ் ஸ்டிட்சில் எண்ணிக்கை தப்பாமல் இருந்தால், முதன்முறை போடுபவரின் ரோஜாவும் முப்பது வருஷம் போட்டவரின் ரோஜாவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அமையும். அளவு, நாள், நூல் எல்லாவற்றையும் ஊசி கோப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். புத்தாண்டன்று ஆசையாகத் தொடங்கிய வேலை மாசி பிறப்பதற்குள் பீரோவின் மேல்தட்டுக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால்தான். அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை.

இந்த வட்டாரத்துக்குத் தையல் புதிதல்ல. ராணுவச் சீருடை தைக்கும் ஆர்டனன்ஸ் குளோத்திங் ஃபேக்டரி ஆவடியில் 1961 முதல் இயங்குகிறது; 2021 அக்டோபரிலிருந்து ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது. 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஏற்றுமதி ஆடை நிறுவனங்களும் உண்டு. அங்கே தையல் என்பது பீஸ் கணக்கு: மணிக்கு இத்தனை காலர், இத்தனை கை. வீட்டில் போடும் கிராஸ் ஸ்டிட்சும் எண்ணிக்கைதான், ஆனால் டார்கெட் கேட்க சூப்பர்வைசர் கிடையாது.

டன்லப், டி.ஐ. சைக்கிள், லூகாஸ் டி.வி.எஸ். என்று ஆலை வேலைக்கு வந்து இங்கேயே மனை வாங்கிக் கட்டியவர்களின் பழைய வீடுகளில், ஹால் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அன்னமோ கிளி ஜோடியோ ஓட்டு வீடோ இருப்பதுண்டு. கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வேத வசனம். கேட்டால், “கல்யாணத்துக்கு முன்னால போட்டது” என்று பதில் வரும். கற்றுக்கொடுத்தவர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். தையலுக்கென்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகளில் நடக்கிறது. அதை எழுதித் தையல் ஆசிரியையாகப் போனவர்கள் பல தலைமுறைப் பெண்கள். இந்த வகுப்பறை வழக்கத்தின் வேர் தென்கோடியில் இருக்கிறது. லண்டன் மிஷன் சார்பில் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடவே போனது. லேஸும் கிராஸ் ஸ்டிட்சும் வேறு வேறு; ஆனால் பெண்பிள்ளைகளின் பாடத்திட்டத்துக்குள் ஊசிநூல் நுழைந்தது இப்படிப்பட்ட பள்ளிகள் வழியாகத்தான்.

நூலுக்கும் ஒரு தென்மாவட்டக் கதை உண்டு. தையல் சாமான் கடையில் “ஆங்கர் குடுங்க” என்று கேட்டு வாங்கும் கண்டு, மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் பெயரோடு நாடெங்கும் பரவியது. அந்த நிறுவனத்தின் ஒரு கிளைவேர், 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பித் தொடங்கிய நூற்பாலை.

எண்ணிப் போடும் தையலை முழுக்க வெள்ளைக்காரர் சரக்கு என்றும் எண்ண வேண்டாம். நீலகிரித் தோடர்கள் தங்கள் பூத்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலை, வரைபடமே இல்லாமல் நெசவின் இழைகளை எண்ணிப் போடுவது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தார்வாட் பக்கத்துக் கசூதிப் பூவேலையில் உள்ள நான்கு வகைத் தையலில் ஒன்றான ‘மெந்தி’ சாட்சாத் கிராஸ் ஸ்டிட்சேதான். வெந்தயத்தை இறைத்தாற்போல் இருப்பதால் அந்தப் பெயர்.

இனி கணக்கு. கட்டத் துணி, அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்ற எண்ணால் அறியப்படும்: 11, 14, 16, 18. எண் கூடக் கூடக் கட்டம் சிறுக்கும். வீட்டு வேலைக்கு 14 நடுத்தரம். பழகாத கை மணிக்கு ஏறக்குறைய 100 தையல் போடும். பெட்டியில் அடைத்து வரும் பிள்ளையார் படமோ மயில் படமோ 150க்கு 150 கட்டம் என்றால் 22,500 தையல், அதாவது 225 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தாலும் ஜனவரி 1இல் தொடங்கியது ஆகஸ்ட் பாதியில்தான் முடியும். நடுவில் பிள்ளைகளின் பரீட்சை, கோடை, இரண்டு கல்யாணம், ஆடிக் கூழ் எல்லாம் வந்து போகும். புகைப்படத்தைக் கட்டப்படமாக மாற்றித் தரும் மொபைல் ஆப்கள் இன்னும் மோசம். அறுபது நிறம் கேட்கும், அதில் பாதி நிறங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். இரண்டு தையலுக்கு ஒருமுறை நூல் மாற்றியே பொழுது போய்விடும்.

இதற்கு மாறாக 40க்கு 40 கட்டம் நிரம்பிய படம் 1,600 தையல். 16 மணி நேரம். 14 எண் துணியில் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். புத்தாண்டிலிருந்து போகி வரையுள்ள இரண்டு வாரத்தில், நாளுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவாக ஒதுக்கினாலே முடிந்துவிடும். ஜனவரிக்கு ஏற்ற அளவு இதுதான்.

அந்த இரண்டு வாரமும் வீட்டு வேலைக்கு வாகான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிக்கரைப் பக்கத்து வீடுகளில்கூடச் சுவரின் ஓதம் காயத் தொடங்கியிருக்கும். நூல் பிசுபிசுக்காது, விரல் வியர்க்காது, மின்விசிறியைக் குறைத்து வைக்கலாம். பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். மார்கழி என்பதால் கல்யாணப் பத்திரிகைகளும் வருவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, டிசம்பர் 31 இரவு தேவாலயத்தில் ஆராதனை, நள்ளிரவில் பட்டாசு. இவை போக மற்ற நேரமெல்லாம் தெரு சற்று அடங்கியே இருக்கும். தொழிற்பேட்டைக் குடும்பங்களின் அமைதி நேரத்தை ஷிப்டுதான் தீர்மானிக்கிறது. முதல் ஷிப்டு ஆள் இருக்கும் வீட்டில் இரவு ஒன்பதுக்கே விளக்கணையும். அங்கே பிற்பகல்தான் தையல் நேரம். இரண்டாம் ஷிப்டு ஆளுக்காகச் சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருக்கும் வீட்டில் எட்டு முதல் பத்தரை வரை கிடைக்கும். சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும் மாதம் என்பதால் இரவில் போடுபவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு வெள்ளை விளக்கு அவசியம். கறுப்புத் துணியை இரவில் தொடவே கூடாது. கட்டம் கண்ணுக்குப் பிடிபடாது.

ஓய்வான வீடு இருந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்றும் இல்லை. கிரீட் தீவில் பிடிபட்டு ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் இருந்த அலெக்சிஸ் காஸ்டாக்ளி என்ற பிரிட்டிஷ் மேஜர், பிய்ந்துபோன ஒரு கம்பளிச் சட்டையிலிருந்து நூல் உருவி, 1941 டிசம்பர் என்று தேதியிட்டு ஒரு கிராஸ் ஸ்டிட்ச் துணி முடித்தார். அதன் கரையில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறியில் ஹிட்லருக்கு ஒரு வசவு. விஷயம் தெரியாமல் முகாம் அதிகாரிகளே அதைக் காட்சிக்கு மாட்டி வைத்தார்கள்.

பொருள் வாங்குவதில் துணிதான் முதலில் ஏமாற்றும். தையல் சாமான் கடைகளில் ‘மேட்டி’ என்று கேட்டால் கட்டத் துணியை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வெளிநாட்டு அய்டா துணியில் இருப்பதுபோல எண் அதில் பெரும்பாலும் குறித்திருக்காது. ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கட்டம் என்று நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நீளத்தில் 11, அகலத்தில் 12 என்று வந்தால் தாளில் வட்டமாக இருக்கும் நிலா துணியில் முட்டையாகிவிடும். பூவுக்கும் இலைக்கும் அது தெரியாது. முகத்துக்கும் எழுத்துக்கும் உடனே தெரிந்துவிடும். உள்ளூர்க் கடையில் சீரான துணி கிடைக்காவிட்டால் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிப் பாரிமுனைப் பக்கம் போய்வரலாம். படத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் விட்டே துணி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் போடுபவரால் இழுத்து மடிக்க முடியாது.

நூல்கண்டில் எட்டு மீட்டர் இருக்கும். ஆறு இழை சேர்ந்து ஒரு புரி. 14 எண் துணிக்கு இரண்டு இழை போதும். ஒரு முழுத் தையலுக்கு முன்னும் பின்னுமாகச் சுமார் 9 மில்லிமீட்டர் செலவாகிறது. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் ஒரு கண்டிலிருந்து 24 மீட்டர் கிடைக்கும். தொடக்கமும் முடிவும் வீணாவதைக் கழித்தாலும் 1,800 தையல் தாராளமாக வரும். உள்ளங்கைப் படத்துக்கு எந்த நிறத்திலும் ஒரு கண்டுக்கு மேல் வாங்குவது வீண். பெரிய வேலைக்கு மட்டும் பின்னணி நிறத்தை மொத்தமாக ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது; அடுத்த முறை வாங்கும் அதே எண் நூலில் சாயம் நூலிழை அளவு மாறியிருக்கலாம். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும் ஜாதி. ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் கோக்க வேண்டும். ஊசி முனை மழுங்கியதாக, காது நீண்டதாக இருக்கட்டும்: 14க்கு 24ஆம் எண். கூர் ஊசி கட்டத்தின் துளையை விட்டு இழையைக் குத்திப் பிளக்கும்.

போடும் முறை சின்னது. துணியை நான்காக மடித்தால் மடிப்புகள் வெட்டும் இடம் நடு. படத்தின் நடுவும் அங்கேதான். ஓரத்திலிருந்து தொடங்கிப் படம் துணியைத் தாண்டிப் போய்விட்டது என்று பிரிப்பவர்கள் ஏராளம். நூலை முழங்கை நீளம், அதாவது 45 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்ட வேண்டும். சோம்பேறி நூல் நெடுநூல் என்று மூத்தவர்கள் திட்டுவதற்குக் காரணம், நீளமான நூல் முறுக்கிச் சிக்காவதுதான். முடிச்சுப் போடக் கூடாது. நூல்நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் சொருகிவிட வேண்டும், முடிச்சிட்டால் சட்டம் போட்டபின் பருப்போல் துருத்தும். ஒரு வரிசை முழுக்கச் சாய்கோடாகவே போய்விட்டுத் திரும்பி வரும்போது மறுகோட்டைப் போட்டு மூடுவது வேகமான வழி. எப்படிப் போட்டாலும் மேலே விழும் கோடு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இது ஒன்று தப்பினால் போதும்: வெளிச்சம் படும்போது அந்த ஒரு தையல் மட்டும் தனியாக மினுங்கிக் காட்டிக் கொடுக்கும்.

எந்தப் படத்தைப் போடுவது என்பதில் வட்டாரத்துக்கே கைவசம் ஒரு பெருங்கிடங்கு இருக்கிறது: கோல நோட்டு. மார்கழி முழுக்க வாசலில் போட்டு மறுநாள் கூட்டிவிடும் கோலங்களைத் துணிக்கு ஏற்றலாம். ஆனால் எல்லாக் கோலமும் சொன்னபடி கேட்காது. நேர்ப்புள்ளிக் கோலம் சதுரக் கட்டத்தோடு அப்படியே பொருந்தும். ஏழு புள்ளி ஏழு வரிசையை எடுத்துக்கொண்டால், புள்ளிக்குப் புள்ளி ஆறு கட்டம் விட வேண்டும். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை 37 கட்டம். சிக்குக் கோலமானால் கோடு வெளிப்புள்ளிகளையும் சுற்றிவர இரு பக்கமும் மூன்று மூன்று கட்டம் சேர்த்து 43. மேலே சொன்ன பொங்கல் அளவுக்கு மிக நெருக்கம். சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளுக்கு நடுவே குறுக்காகச் சாய்ந்து ஓடுவதால், துணியில் மூலைக்கு மூலை தொட்டபடி தையல் இறங்கிக்கொண்டே போகும். இடைவெளி இரட்டைப்படையாக இருந்தால்தான் கோடு சரிபாதியில் கடக்கும். ஐந்து கட்டம் விட்டால் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் கோலம் நொண்டும். கோடு மட்டுமே தைப்பதால் நிரம்பிய படத்தில் பாதி வேலைகூட இராது. திரும்பும் வளைவுகளில் மட்டும் பெருக்கல் குறியை விட்டு, ஒற்றை இழையால் பின்தையல் போட்டுக்கொள்ள வேண்டும்.

இடைப்புள்ளிதான் சிக்கல். பதினைந்து புள்ளி, எட்டு முடிய, இடைப்புள்ளி என்று கோலப்பொடியைக் கையிலெடுப்பவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு வரிசையும் முன்வரிசைப் புள்ளிகளுக்கு நடுவே விழும், மூன்று அண்டைப் புள்ளிகளைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம். அதில் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம், புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தில் 0.866 பங்கு. சதுரக் கட்டத்தில் அந்தப் பின்னத்துக்கு இடமில்லை. இரண்டுக்கும் ஒரே அளவு இடைவெளி விட்டால் கோலம் மேலும் கீழுமாக இழுத்த மாதிரி நீண்டுவிடும். சரியான வழி எட்டும் ஏழும்: பக்கவாட்டில் புள்ளிக்குப் புள்ளி எட்டுக் கட்டம், கீழே அடுத்த வரிசைக்கு ஏழு கட்டம், அந்த வரிசையை நான்கு கட்டம் நகர்த்தித் தொடங்குவது. ஏழை எட்டால் வகுத்தால் 0.875, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பதினைந்து–எட்டுக் கோலம் இந்தக் கணக்கில் 113க்கு 99 கட்டம், அதாவது 14 எண் துணியில் ஏறக்குறைய எட்டு அங்குலத்துக்கு ஏழு அங்குலம். பொங்கலுக்குள் முடியாது, மாசி, பங்குனி என்று நிதானமாகப் போட வேண்டிய வேலை.

பெயர் எழுதுவதிலும் இதே இடநெருக்கடி உண்டு. ஐரோப்பாவில் எழுத்துப் பலகையாகத் தைத்த துணிகள் பல நூற்றாண்டுப் பழசு; லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598 என்று ஆண்டு பொறித்துத் தைத்த துணி இருக்கிறது. ரோமன் எழுத்துக்கு ஐந்து கட்ட அகலமும் ஏழு கட்ட உயரமும் போதும் என்பதால் அது எளிது. தமிழில் ட, ப, ம ஆகியவை அந்த இடத்துக்குள் அடங்கிக்கொள்ளும். ஞ, ஜ, இ, ண அடங்கா. சுழிக்கு மட்டுமே மூன்று கட்டம் போய்விடும். பெயர் முழுக்க ஒரே சீராக வர வேண்டுமானால் எழுத்துக்குப் பத்துக் கட்ட உயரமாவது வைத்து, கொம்பு, சுழி, விலங்கு எல்லாவற்றையும் முதலில் கணக்கு நோட்டின் கட்டத்தாளில் பென்சிலால் நிரப்பிப் பார்க்க வேண்டும். சிறிய படத்தின் மூலையில் பெயரை வைக்க ஆசைப்பட்டால், பெருக்கல் குறியைக் கைவிட்டு ஒற்றை இழைப் பின்தையலில் எழுதுவதுதான் பிழைக்கும் வழி.

வருஷம் முழுக்க ஓடும் வேலைதான் வேண்டும் என்பவர்களுக்குப் பிற நாடுகளில் பரவிய ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளின் வெப்பநிலைக்கும் ஒரு நிறம் வைத்து, தினம் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தையல். ஐந்தாறு நிமிட வேலை. ஆண்டு முடிவில் 3,285 தையல். குளிர்நாட்டு முறைப்படி ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்று எடுத்தால் சென்னையில் துணி முழுக்க மூன்று நான்கு நிறத்துக்குள் சோம்பிக் கிடக்கும். பகல் உச்சம் பெரும்பாலும் 27க்கும் 42க்கும் நடுவிலேயே உலவுகிறது. இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் வைத்தால் எட்டு நிறம் வரும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி போன்ற நாளுக்கென்று ஒரு கடுஞ்சிவப்பை ஒதுக்கி வைக்கலாம், வந்தால் போடலாம். மழை பெய்த நாளில் நடுத்தையலை மட்டும் நீலத்தில் போட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வரிசைகள் புள்ளி புள்ளியாகத் தனித்துத் தெரியும்.

முடித்ததைக் காப்பது இந்த ஊரில் தனி வேலை. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு நாலு நாள் மறந்தால், கடற்கரைக் காற்றின் ஈரத்தில் துருக்கறை விழும். அது எந்தச் சோப்புக்கும் போகாது. துணியை இழுத்துப் பிடிக்கும் ரிங்கையும் அன்றன்று கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டத் தழும்பு நின்றுவிடும். அலசுவதற்கு இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீர் ஆகாது. வெள்ளைத் துணி பழுப்பேறும். குடிக்கப் பிடித்து வைக்கும் தண்ணீரில் பட்டுக்குப் போடும் மெல்லிய சோப்பைக் கரைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தையல் பக்கம் கீழே இருக்கும்படி தடித்த துண்டின்மேல் வைத்துப் பின்பக்கமாக இஸ்திரி போட்டால் குறிகள் நசுங்காமல் எழும்பி நிற்கும்.

சட்டம் போடும் கடையில் சொல்ல வேண்டியது இரண்டு. கண்ணாடி துணியில் ஒட்டக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் உள்ளே பூஞ்சை பூக்கும். துணியை அட்டையில் பசை போட்டு ஒட்டவும் கூடாது. பின்பக்கம் நூலால் இழுத்துக் கட்டச் சொல்ல வேண்டும். மாட்டுவது உட்சுவராக இருக்கட்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும், குளியலறையை ஒட்டி ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். பின் அட்டையை மூடும் முன் துணியின் எண்ணையும் ஒவ்வொரு நிற நூலின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிட்டால், பத்து வருஷம் கழித்து ஓர் இழை அறுந்தாலும் கடையில் எந்தக் கண்டைக் கேட்பது என்று தேட வேண்டியிராது.